அந்த ஐந்து கிலோ

நானா,

உள்ளங்கையில் இன்னும் துரு வாடை அடிக்கிறது. நேற்று மாலை ஜிம்மிலேயே சோப்புப் போட்டுக் கழுவினேன், வீட்டுக்கு வந்து ஒரு தடவை கழுவினேன், சாப்பிட்ட பிறகும் கழுவினேன். போவேனா என்கிறது. இன்னும் சரியாக விடியவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, மடியில் தலையணை, அதன்மேல் மகளின் பழைய நோட்டு, இப்படி வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். இன்னும் எழுந்து நிற்கவில்லை. நின்றால் என் இடது முட்டி தன் பதிலைச் சொல்லிவிடும். அதற்கு முன்னால் நான் உங்களிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. ஒன்றரை வருடத்துக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டியது.

துரு அந்த இரண்டு சின்ன இரும்புத் தட்டுகளுடையது. ஒவ்வொன்றும் இரண்டரைக் கிலோ. நீங்கள் ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு பழைய சாமான் கடையில் தேடிப்பிடித்து வாங்கி வந்தவை. ஞாபகம் இருக்கிறதா என்று கேட்க மாட்டேன். கடைசிவரை நீங்கள் அவற்றை மறக்கவில்லை என்று இப்போது எனக்குத் தெரியும்.

கிள்ளானில் அந்த ஜிம்மின் மாடிப்படி ஏறினால் முதலில் கீழேயிருக்கும் சீன மருந்துக்கடையின் வாடை வரும், பிறகுதான் ரப்பர் விரிப்பின் வாடை. இருபது வயதுக்காரர்கள் கண்ணாடி முன்னால் நின்று தங்கள் கைகளைத் தாங்களே ரசித்துக்கொண்டிருந்த இடத்தில், ஐம்பதைத் தாண்டியவர்கள் நாம் இரண்டு பேர்தான். நான் துறைமுகத்தில் கன்டேனர் லோரி ஓட்டுகிறவன். நீங்கள் நாலு கடை தள்ளி ஜவுளிக்கடை வைத்திருந்தவர். முதல் நாள் நீங்கள் கழுத்தில் அளவு நாடாவோடேயே வந்து நின்றீர்கள். கடையிலிருந்து அப்படியே கிளம்பி வந்திருக்கிறீர்கள், கழற்ற மறந்துவிட்டீர்கள். "அண்ணே, யாருக்குச் சட்ட தைக்கப் போறீங்க?" என்று நான்தான் முதலில் வாயைக் கொடுத்தேன். நீங்கள் சிரிக்காமல் என் தொடையைப் பார்த்து, "உனக்குத்தான். ஒரு காலு பெருசு, ஒரு காலு சிறுசா இருக்கே" என்றீர்கள்.

உண்மைதான். அளந்தும் காட்டினீர்கள். கிளட்ச் மிதித்து மிதித்து நோவெடுத்த முட்டி அது. நோகிறதே என்று நான் எல்லா வேலையையும் வலது காலுக்குத் தள்ளி, இடது தொடை மூன்று சென்டிமீட்டர் சூம்பிப் போயிருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு மாதமும் அந்த நாடாவால் என் இரண்டு தொடைகளையும் அளந்தீர்கள். ஜிம்மில் உள்ள பையன்கள் முதலில் ஒரு மாதிரி பார்த்தார்கள், பிறகு அவர்களும் வரிசையில் நின்று அளக்கச் சொன்னார்கள்.

உங்கள் வீட்டில் அண்ணனை நானா என்றுதான் கூப்பிடுவார்கள். இரண்டாவது மாதத்திலேயே நானும் அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். நாலு வயதுதான் மூப்பு. அதற்காக நீங்கள் குரு, நான் சிஷ்யன் என்றெல்லாம் இல்லை. படுத்துக்கொண்டு இரும்புப் பாரைத் தூக்கும்போது உங்களுக்கு எண்ணிக்கை தப்பிவிடும். நான்தான் தலைமாட்டில் நின்று எண்ணுவேன். ஆறு, ஆறு, ஆறு என்று ஒரே எண்ணை மூன்று தடவை சொல்லி உங்களை ஏமாற்றுவேன். "படுபாவி, ஏழு எங்கடா?" என்று மூச்சு வாங்கத் திட்டுவீர்கள். உங்களுக்கு எண்ணியது நான். எனக்கு எழுதியது நீங்கள்.

குதிரைப் பந்தய நாளுக்கெல்லாம் குதிரைப் படம் போட்டிருக்குமே, அந்தப் பெரிய கட்டம் போட்ட சுவர்க் கலண்டர், அதில்தான் எழுதுவீர்கள். உங்கள் கடையில் ஒன்று மாட்டியிருந்தது, ஜிம் சுவரில் எனக்கென்று இன்னொன்று மாட்டினீர்கள். ஒவ்வொரு கட்டத்திலும் பொடி எழுத்தில் எத்தனை கிலோ, எத்தனை தடவை, கடைசியில் வலி எத்தனை. பத்துக்கு எத்தனை என்று கேட்பீர்கள். மறுநாள் காலை ஏழு மணிக்கு நான் லோரியில் ஏறியதும் போன் வரும். சலாம்கூடச் சொல்ல மாட்டீர்கள். "எத்தன?" அவ்வளவுதான். "இன்னிக்கு முட்டி சொல்றத நம்பாத. நாளைக்குக் காலையில சொல்றத நம்பு" என்பது உங்கள் பேச்சு. தூக்கும்போது மூன்று நாலு வலித்தாலும் மறுநாள் காலை பழைய அளவுக்கு வந்துவிட்டால் சரி, ஏறியே இருந்தால் நாம் அதிகம் கேட்டுவிட்டோம் என்று அர்த்தம். அதைச் சொல்லிவிட்டு நீங்கள் செய்தித்தாளில் சுற்றிய வடையை எடுத்துத் தின்பீர்கள். உடம்பைப் பற்றி உங்களுக்குத் தெரியாததே இல்லை, உங்கள் உடம்பைத் தவிர.

ஒரு நாள் லோரியின் மேல்படியிலிருந்து குதித்து இறங்கியபோது முட்டி பூட்டிக்கொண்டது. ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். ஆபரேஷன் என்று சொல்லிவிட்டால் மாதக்கணக்கில் லோரி ஏற முடியாது, என் இடத்தில் வேறொருவனைப் போட்டுவிடுவார்கள். ஆஸ்பத்திரி நடைபாதையில் நம்பர் கூப்பிடக் காத்திருந்தபோது வேண்டிக்கொண்டேன். பிள்ளையாரப்பா, ஆபரேஷன் இல்லையென்று சொல்லவை, உன் சன்னதியில் நூற்றெட்டுத் தோப்புக்கரணம் போடுகிறேன்.

யோசித்துப் பாருங்கள், நானா. முட்டி பிழைக்க வேண்டும் என்று முட்டியையே காணிக்கையாகப் பேசியிருக்கிறேன். தேங்காய் உடைக்கிறேன் என்றிருக்கலாம், மொட்டை போடுகிறேன் என்றிருக்கலாம், அதற்கும் என் தலையில் அதிகம் முடி இல்லை. அந்த நேரத்தில் வாயில் வந்தது அதுதான்.

டாக்டர், தேய்மானம் இருக்கிறது, ஜவ்வில் சின்னக் கிழிசல் இருக்கிறது, இப்போதைக்குக் கத்தி வேண்டாம், தொடையைப் பலப்படுத்துங்கள் என்றார். நான் வேண்டுதலைப் பற்றி உங்களிடம் மூச்சு விடவில்லை. டாக்டர் சொன்னதை மட்டும் சொன்னேன். நீங்கள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஆரம்பித்தீர்கள். முதல் வாரம் உயரமான பெஞ்சில் உட்கார்ந்து எழுந்திருப்பது மட்டும். பிறகு வெறும் பார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடை. "இங்க உக்காந்து எந்திரிக்கிறதுதான் கணக்கு. வெளிய தேவையில்லாம குந்தாத, மண்டி போடாத, லோரியில இருந்து குதிக்காத. கேட்டுச்சா?" என்றீர்கள். கேட்டது.

மூன்று மாதத்தில் அறுபது கிலோவைத் தோளில் வைத்து, பெஞ்சு உயரத்துக்கு உட்கார்ந்து எழுந்தேன். வலி இரண்டைத் தாண்டவில்லை. என் கம்போங் மேடான் அடுக்குமாடியில் நாலு மாடியும் கைப்பிடியைத் தொடாமல் ஏறினேன். நாடாவில் இடது தொடை ஒரு சென்டிமீட்டர்தான் குறைவு என்று வந்தது. அந்த ஜிம்மில் இருந்த ஆகச் சின்னத் தட்டு ஐந்து கிலோ. இரண்டு பக்கமும் மாட்டினால் பத்து ஏறிவிடும். "பத்து ஒரேயடியா உன் முட்டிக்கு ஆகாது" என்று சொல்லி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அலைந்து அந்த இரண்டரைக் கிலோ ஜோடியை வாங்கி வந்தீர்கள். வேட்டித்துணியில் சுற்றி, கல்யாணப் பரிசு மாதிரி கொண்டுவந்தீர்கள். வியாழக்கிழமை சாயங்காலம் அறுபத்தைந்து என்று கலண்டரில் முன்கூட்டியே எழுதியும் வைத்தீர்கள்.

அந்த வியாழக்கிழமைதான் சதுர்த்தி.

"முட்டி நல்லாயிடுச்சில்ல, சாமிக்குச் சொன்னத மறந்துட்டீங்களா?" என்று என் மனைவி கேட்டாள். நான் மறக்கவில்லை, முட்டி சரியாகட்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். இனியும் தள்ளினால் அவருக்குக் கோபம் வந்து, கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்வார் என்று உள்ளூர ஒரு பயம். காலையிலேயே இரண்டு பேரும் பிரிக்பீல்ட்ஸ் போனோம். நான் சின்ன வயதில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தபோது போன கோயில் அது. கிள்ளானில் போட்டால் யாராவது பார்த்து உங்கள் காதுக்கு வந்துவிடும் என்பதும் ஒரு காரணம். பார்த்தீர்களா, தப்பு என்று அப்போதே எனக்குத் தெரிந்திருக்கிறது.

கருங்கல் தரை. வெறுங்கால். காதைப் பிடித்துக்கொண்டு அடி வரை உட்கார்ந்து எழுந்தேன். சாமி விஷயத்தில் பெஞ்சு உயரத்தோடு நிறுத்தினால் திருட்டு இல்லையா. மனைவி பக்கத்தில் நின்று எண்ணினாள். நாற்பதில் வியர்த்தது. அறுபதில் முட்டிக்குள் மணல் அரைக்கிற மாதிரி இருந்தது. எழுபதில் அவளே பயந்துபோய், "போதுங்க, மீதிய அடுத்த சதுர்த்திக்கு வச்சுக்கலாம்" என்றாள். நான்தான் வீம்புக்காரன் ஆயிற்றே. நூற்றெட்டையும் போட்டு முடித்தேன். கோயில் வாசலில் செருப்பு மாட்டும்போது கால் நடுங்கியது. கடமை முடிந்துவிட்டது என்று மனசு மட்டும் நிறைந்திருந்தது.

சாயங்காலம் வராமல் இருந்திருக்கலாம். ஒரு போன் போட்டு லோரி பழுது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் அந்தத் தட்டுகளைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். வந்தேன். "முட்டி எத்தன?" என்றீர்கள். ஐந்து, ஆறுகூட இருக்கும். "ரெண்டு" என்றேன். நீங்கள் நம்பினீர்கள். கலண்டரில் எழுதினீர்கள். தட்டை மாட்டி, "மெதுவா, மாப்பிள்ள" என்றீர்கள். என்னை மாப்பிள்ளை என்று கூப்பிட்டது அன்றைக்கு ஒரு நாள்தான்.

மூன்றாவது தடவை கீழே போனேன், மேலே வரவில்லை. இடது முட்டி உள்பக்கமாக மடிந்து, பாரின் கம்பி பக்கவாட்டுத் தாங்கியில் மோதிய சத்தத்துக்கு ஜிம்மே திரும்பிப் பார்த்தது. நீங்கள் பின்னாலிருந்து என் மார்போடு கட்டிப்பிடித்து இழுத்தீர்கள். தரையில் உட்கார்ந்து என் காலை உங்கள் மடியில் வைத்துக்கொண்டீர்கள். முட்டி கண் முன்னாலேயே வீங்கியது. உங்கள் முகத்தில் ரத்தமே இல்லை. "அவசரப்பட்டுட்டேன். அஞ்சு கிலோ. நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னீர்கள்.

அந்த இடத்தில் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஏன் திறக்கவில்லை என்று ஒன்றரை வருடமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். வெட்கம் ஒரு பக்கம். இன்னொன்றையும் சொல்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். வேறு எதுவாக இருந்தாலும் என்னை முட்டாள் என்று திட்டியிருப்பீர்கள், நானும் வாங்கிக்கொண்டிருப்பேன். இது என் சாமி விஷயம் என்று தெரிந்தால் நீங்கள் மரியாதைக்காக ஒன்றும் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டியிருப்பீர்கள். உங்களிடமிருந்து அந்த மரியாதையை வாங்க எனக்குப் பயமாக இருந்தது. அதனால் சும்மா இருந்தேன். ஒரு நாள் சும்மா இருந்தால் மறுநாள் சொல்வது இரண்டு மடங்கு கஷ்டம். ஒரு மாதம் ஆனதும் சொல்லவே முடியாததாகிவிட்டது.

"இனிமே உன் காலுக்கு நான் கணக்குப் போட மாட்டேன்பா. படிச்சவங்ககிட்ட போ" என்றீர்கள். நான் எங்கும் போகவில்லை. ஜிம்மையும் விட்டேன். இரண்டு மாதம் விடுப்பு முடிந்து, ஆட்டோ கியர் லோரி ஒன்றைக் கெஞ்சி வாங்கி ஓட்டினேன். வீட்டில் சோபாவும் நானும் ஒன்றானோம். வலிக்கிறதே என்று அசையாமல் இருந்தேன், அசையாமல் இருந்ததால் இன்னும் வலித்தது. நீங்கள் மாதம் ஒரு முறை அண்ணி செய்த கறியைத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு கம்போங் மேடான் வரை வந்தீர்கள். நான் இறங்க முடியாத நாளில் நாலு மாடியும் நீங்கள் ஏறினீர்கள், மூச்சு வாங்க வாங்க. அந்த மூச்சைக் கேட்டபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். எனக்கு என் முட்டிதான் பெரிதாக இருந்தது.

ஒரு புதன்கிழமை மதியம், கடையில் துணிக்கட்டு இறக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களாம். அவ்வளவுதானாம்.

மையவாடியில் எல்லோரும் குனிந்து மூன்று பிடி மண் எடுத்துப் போட்டார்கள். நானும் குனிந்தேன். பாதியில் முட்டி நிறுத்திவிட்டது. கை தரைக்கு எட்டவில்லை. முன்னால் போகவும் முடியாமல் பின்னால் போகவும் முடியாமல் நான் அப்படியே நின்றதைப் பார்த்து, உங்கள் மருமகன் தான் குனிந்து மண்ணை அள்ளி என் கையில் வைத்தார். உங்களுக்கு நான் போட்ட மண்கூட இன்னொருவர் அள்ளித் தந்தது. வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அடுத்த வாரமே அரசாங்க ஆஸ்பத்திரியில் பெயர் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து முறை வந்தது. பிசியோவுக்கு ஒரு மலாய்ப் பெண், என் மகள் வயசு. வலி எத்தனை என்று கேட்டாள். நாக்கு பழக்கதோஷத்தில் "துவா" என்றது, மலாயிலும் அதே இரண்டுதான். அவள் முட்டியின் உள்பக்கம் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினாள். நான் கட்டிலை விட்டுத் துள்ளிவிட்டேன். "துவா கெ, அங்கிள்?" என்றாள். இதுவா இரண்டு என்று கேட்கிறாள். அறையிலிருந்த மற்ற நோயாளிகள் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு, "லீமா" என்றேன். ஐந்து. என் வாழ்க்கையில் முட்டியைப் பற்றி நான் சொன்ன முதல் உண்மை அதுதான் என்று நினைக்கிறேன்.

வலி முழுக்கப் போகட்டும் என்று காத்திருந்தால் எந்தக் காலத்திலும் ஆரம்பிக்க மாட்டீர்கள், அங்கிள் என்றாள். தூக்கும்போது மூன்று நாலு வரை பரவாயில்லை, மறுநாள் காலை பழைய அளவுக்கு வர வேண்டும் என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. படிப்பு, பட்டம், வெள்ளைச் சட்டை எல்லாம் போட்டுக்கொண்டு அவள் உங்கள் வாயால் பேசினாள். நீங்கள் போட்ட கணக்கு சரி, நானா. உங்களிடம் நான் கொடுத்த எண்தான் பொய்.

நாற்காலியில் உட்கார்ந்து எழுவதிலிருந்து மறுபடி தொடங்கினேன். பத்துத் தடவை. ஒரு படி ஏறி இறங்குவது. ஒரு நாள் விட்டு ஒரு நாள். நல்ல வாரமும் வந்தது, காரணமே இல்லாமல் வீங்கிய வாரமும் வந்தது. வீங்கிய வாரத்தில் பாதியாகக் குறைத்தேன், நிறுத்தவில்லை. வலி போய்விட்டது என்று உங்களிடம் கதை விட மாட்டேன். அது என்னோடுதான் இருக்கிறது, மழை நாளில் கொஞ்சம் சத்தமாக. நாலு மாதம் கழித்துத்தான் நம் ஜிம்முக்குப் போனேன். முதலாளி அங்கிள் என்னைப் பார்த்து, "ஓய், லாமா தாக் நம்பாக்" என்றார், ஆளைப் பார்த்து எவ்வளவு நாளாச்சு என்று. பிறகு உங்கள் பெஞ்சைப் பார்த்தார். வெறும் பாரை எடுத்துக் கொடுத்தார்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் அண்ணி போன் செய்தார்கள். கணவர் போன பின் வீட்டோடு இருக்கும் இத்தா நாட்கள் முடிந்து, கொஞ்ச காலம் மகள் வீட்டில் இருந்துவிட்டு, இப்போதுதான் வீட்டை ஒழுங்குபடுத்துகிறார்களாம். "ஒங்க பேரு எழுதுன காகிதமா இருக்கு தம்பி, வந்து பாருங்க" என்றார்கள். கடைக்குப் பின்னால் உங்கள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்தேன். ஜிம் சுவரிலிருந்து நீங்கள் எடுத்து வந்து ரப்பர் பேண்டு போட்டுச் சுருட்டிய கலண்டர் தாள்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். விரித்தால் சுருண்டு சுருண்டு மூடிக்கொண்டது. "இருங்க" என்று சொல்லி, எலுமிச்சை ஊறுகாய் ஜாடியின் மூடி மேல் இருந்த பாரத்தை எடுத்து வந்து இரண்டு ஓரத்திலும் வைத்தார்கள்.

அந்த இரண்டு தட்டுகள்.

"இது எப்படி இங்க, அண்ணி?"

"ஒரு நா ராவுல பையில போட்டுத் தூக்கிட்டு வந்தாரு. இத இனிமே அங்க வைக்கக் கூடாதுன்னாரு. ஏன்னு கேட்டேன். இது ஒரு நல்ல மனுசன் கால ஒடச்ச சாமான்னாரு. சும்மா கெடக்குதேன்னு ஊறுகாய்க்கு வச்சேன்."

அந்த வியாழக்கிழமைக் கட்டத்தைத் தேடினேன். 65 கி. வலி 2. அதன் கீழே வேறு மையில்: அவசரம். என் தப்பு. அதோடு விட்டீர்களா, இல்லை. முந்தைய மூன்று மாதத் தாள்களிலும் பென்சிலால் அம்புக்குறி போட்டிருந்தீர்கள். இந்த வாரம் கூட்டியது அதிகமோ, அந்த வாரம் ஓய்வு போதவில்லையோ என்று ஒவ்வொரு கட்டமாகத் தேடியிருக்கிறீர்கள். ஓர் ஓரத்தில், 'எல்லாம் சரியா இருக்கே. பின்ன ஏன்?' என்று எழுதியிருந்தது. அதன் பிறகு வந்த மாதங்களில் கிலோ இல்லை. என் முட்டி மட்டும் இருந்தது. 'வீக்கம் வத்தல.' 'கம்பு வச்சு நடக்கறான்.' 'மாடி எறங்கல.' நீங்கள் போன அந்த வாரத்துக் கட்டத்தில், 'தம்பி முட்டி. கேக்கணும்.'

அண்ணி தேநீர் வைத்தார்கள். "அந்த அஞ்சு கிலோவ எத்தன நாள் பேசினாரு தெரியுமா? தொழுதுட்டு எந்திரிக்கும்போதெல்லாம் தன் முட்டியத் தொட்டுப் பாத்துக்குவாரு. அவன் முட்டி எப்டி இருக்கோன்னுவாரு" என்றார்கள்.

சொன்னேன், நானா. ஆஸ்பத்திரி நடைபாதையிலிருந்து கருங்கல் தரை வரைக்கும், இரண்டு என்று சொன்ன பொய் வரைக்கும், எல்லாவற்றையும் உங்கள் மனைவியிடம், ஊறுகாய் வாடைக்கு நடுவே சொன்னேன்.

அண்ணி கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்தார்கள். "எத்தன?"

"நூத்தியெட்டு."

"அன்னிக்குக் காலையிலயா?"

"ஆமா, அண்ணி."

முக்காட்டை வாயில் பொத்திக்கொண்டார்கள். அழுகிறார்கள் என்று நினைத்தேன். தோள் குலுங்கியது. சிரிக்கிறார்கள். "முட்டி நல்லாவணும்னு முட்டிக்கே சவுக்கடியா? இத அவரு கேட்டிருந்தா மூணு நா சிரிச்சிருப்பாரு. கடைக்கு வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்லி சொல்லிச் சிரிச்சிருப்பாரு." பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "அந்தச் சிரிப்ப அவருக்குக் குடுக்காம விட்டுட்டீங்களே, தம்பி" என்றார்கள்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இதைத் தாங்க முடியவில்லை. நீங்கள் மரியாதைக்காக வாயை மூடிக்கொள்வீர்கள் என்று நான் பயந்தேனே, அந்த வீட்டில் உங்களோடு முப்பது வருஷம் இருந்தவர்கள் சொல்கிறார்கள், நீங்கள் சிரித்திருப்பீர்கள் என்று. உங்களுக்கு முதுகு பிடித்திருந்த அந்த நோன்பு மாதம் முழுக்க நீங்கள் ஜிம்மின் மூலையில் நாற்காலியில் உட்கார்ந்தபடி தொழுதது அப்போதுதான் ஞாபகம் வந்தது. குனிந்து தொழாவிட்டால் குறையில்லையா என்று நான் கேட்டதற்கு, "அல்லாவுக்கு என் முதுகு தெரியும்பா" என்றீர்கள். அதைக் கேட்டுவிட்டுத்தான் நான் நூற்றெட்டும் போட்டேன். என் பிள்ளையாருக்கு என் முட்டி தெரியாது என்று நினைத்தேன் போலிருக்கிறது.

கிளம்பும்போது அண்ணி கலண்டர் தாள்களையும் தட்டுகளையும் துணிப்பையில் போட்டுக் கொடுத்தார்கள். "இதுமேல தப்பில்லைல்ல. எடுத்துட்டுப் போங்க. ஊறுகாய்க்குக் கல்லு வச்சுக்கறேன்" என்றார்கள்.

தட்டுகள் இரண்டு வாரம் எங்கள் சாப்பாட்டு மேசையில் கிடந்தன. ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் மனைவி நகர்த்தி வைத்தாள். நேற்று மாலை பையில் போட்டு நாலு மாடி இறங்கினேன். வெறும் பாரின் இரண்டு பக்கமும் மாட்டினேன். பாரோடு சேர்த்து இருபத்தைந்து கிலோ. அங்கே நிற்கிற பையன்கள் ஒற்றைக் கையில் தூக்குவது. பெஞ்சு உயரத்துக்கு மெதுவாக உட்கார்ந்து, மெதுவாக எழுந்து, எட்டுத் தடவை. எண்ணுவதற்கு யாரும் இல்லை. ஆறு என்று மூன்று முறை சொல்லிக்கொண்டேன். அப்படிப் பார்த்தால் பத்து. நாலாவது தடவையில் முட்டி குத்தியது. "நாலு" என்று வாய்விட்டே சொன்னேன். பக்கத்தில் நின்றவன் காதிலிருந்து பாட்டுக் கருவியை எடுத்துவிட்டு, "என்ன அங்கிள்?" என்றான். ஒன்றுமில்லை என்றேன்.

முதலாளி அங்கிளிடம் கேட்டு, சுவரில் நீங்கள் அடித்த ஆணியிலேயே இந்த வருஷத்துக் கலண்டரை மாட்டினேன். நேற்றைய கட்டத்தில் எழுதினேன்: 25 கி. வலி 4. பிறகு வீட்டுக்கு வந்து, உங்கள் பழைய தாளை விரித்து, அந்த வியாழக்கிழமைக் கட்டத்தில் உங்கள் எழுத்துக்குக் கீழே என் கோணல் எழுத்தில் எழுதினேன். காலையில் 108. வலி 6. நானா தப்பு இல்ல. உங்கள் வரியை அடிக்கவில்லை. நீங்கள் எழுதியதை அடிக்க எனக்குக் கை வராது.

சமையலறையிலிருந்து மனைவி, "எந்திரிச்சாச்சா, காப்பி ஆறுது" என்கிறாள். மணி ஏழு அடிக்கப் போகிறது. உங்கள் போன் வருகிற நேரம். சிரியுங்கள், நானா. தாமதமாகத்தான் கொண்டுவந்திருக்கிறேன், ஆனாலும் வயிறு நோகச் சிரியுங்கள்.

நோட்டை மூடிவிட்டுக் கட்டிலின் விளிம்பைப் பிடித்து எழுந்து நின்றேன். வலது காலைத் தூக்கி, முழுப் பாரத்தையும் இடது காலில் வைத்து, பத்து எண்ணும் வரை நின்றேன். இந்தக் கடைசி வரியை நின்றபடியே, சுவரில் நோட்டை வைத்து எழுதுகிறேன்.

மூன்று, நானா. சத்தியமாக மூன்றுதான்.